ஹிஞ்சேவாடியில் மழைக்கு ஓர் ஒத்திகை

காலை ஆறே முக்கால். முன்வாசலில் பேருந்து பேருந்தாக ஐ.டி. ஊழியர்கள் இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. நாம் நிற்பது பின்வாசலில். லாரிகளும் தண்ணீர் டேங்கர்களும் குப்பை வண்டிகளும் நுழைகிற வாசல் அது. எத்தனையோ முறை புனேவை ஒட்டிய இந்த ஹிஞ்சேவாடிக்கு வந்திருக்கிறேன். கண்ணாடிக் கட்டடங்களின் இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்க்கப் போகிறேன். ஒரு நாடகத்தின் திரைக்குப் பின்னால் போக அனுமதி கிடைத்தால் எப்படி இருக்கும்! அந்தக் குதூகலத்தோடு நிற்கிறேன்.

"வந்துட்டியளா தம்பி! மொதல்ல இத மாட்டுங்க" என்று ஒரு ஜோடி கம்பூட்ஸை நீட்டுகிறார் அண்ணாச்சி.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இருபது வருடங்களுக்கு மேலாகப் புனேவாசி. இந்த வளாகத்தின் பராமரிப்பு முழுவதும் அவர் கையில். தன் பெயரும் கம்பெனி பெயரும் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. இங்கே எல்லாருக்கும் அவர் 'அண்ணா'. தெற்கிலிருந்து வந்த யாராக இருந்தாலும் மராட்டிக்காரர்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பையன்கள் மட்டும் அதோடு ஒரு 'ச்சி' சேர்த்துக்கொள்கிறார்கள்.

மே மாதம் நடுவாக்கில், பருவமழைக்கு முந்தைய சுத்தம் நடக்கும் நேரத்தில், வளாகத்தில் விழும் ஒவ்வொரு சொட்டு மழையும் எந்த வழியாக நடந்து வெளியே போகிறது என்று காட்டுவதாகச் சொல்லியிருந்தார். "வெளிய போற தண்ணி எண்ணெ இல்லாம, குப்ப இல்லாம, அடுத்தவன் வீட்டுக்குள்ள நுழையாம ஆத்துக்குப் போய்ச் சேரணும். அம்புட்டுத்தான் நம்ம உத்தியோகம்" என்றார் போனில். அந்த ஒரு வரிக்காகத்தான் ரயில் ஏறினேன். நீங்களும் ஒரு கம்பூட்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள், போகலாம்.

முதலில் ஸ்டோர் ரூம். கதவைத் திறந்ததும் தேங்காய் நார், டீசல், ஊதுபத்தி மூன்றும் கலந்த ஒரு வாசனை. மூலையில் மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. கடப்பாறை, மண்வெட்டி, நீளக் கம்பு கட்டிய விளக்குமாறுகள், ஆரஞ்சு நிறக் கூம்புகள், சுருட்டி வைத்த தார்ப்பாய்கள். ஒரு பழைய கணினி மேசையின் மேல் செவ்வந்திப் பூ வைத்த கணபதி படம், பக்கத்திலேயே திருச்செந்தூர் முருகன். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் வளாகத்தின் படத்தை யாரோ கையால் வரைந்து, நீல மார்க்கரில் அம்புக்குறிகள் போட்டிருக்கிறார்கள். கூரையிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கு. எல்லா அம்புகளும் தென்கிழக்கு மூலையில் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. அங்கே பெரிய எழுத்தில் மராட்டியில் 'ஓடா' என்றிருக்கிறது. நம் ஓடைதான்.

அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தகர அலமாரி. போன வருடம் வடிகாலிலிருந்து எடுத்த சாமான்களை அதில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். டென்னிஸ் பந்துகள் ஒரு வாளி நிறைய. இறகுப் பந்துகள். கழுத்துப் பட்டையோடு அடையாள அட்டைகள். ஒற்றைச் செருப்பு மூன்று. கேன்டீன் ஸ்பூன்கள் எண்ணிலடங்காது. ஒரு லேப்டாப் மௌஸ். "எலி புடிக்கப் போனா எலியே கெடச்சிச்சி" என்று ஒரு பையன் சொல்ல, அறையே சிரிக்கிறது. இந்த ஜோக்கை அவர்கள் ஒவ்வொரு விருந்தாளியிடமும் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் எல்லாரும் முதல் முறை கேட்பதுபோலச் சிரிக்கிறார்கள்.

அடுத்து மொட்டைமாடி. சரக்கு லிஃப்டில் ஏறி, அதற்கு மேல் இரும்பு ஏணியில் ஏற வேண்டும். மேலே போனதும் ஹிஞ்சேவாடி முழுவதும் கண்ணில் விரிகிறது. மெட்ரோ 3-ஆம் தடத்தின் தூண்கள் நடுச்சாலையில் வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் மான் கிராமம், இன்னொரு பக்கம் மாருஞ்ஜி. இந்த ஊரின் கிராம தெய்வமான ம்ஹாதோபா பெயரில் ஒரு குன்று. மேற்கே புகைபோல சஹ்யாத்ரி மலை. அந்த மலை முகட்டில் உள்ள லோணாவளாவில் வருடத்துக்கு 400 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். கிழக்கே புனே நகரத்துக்கு வரும்போது அது 70 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். நாம் நிற்கும் இடம் இரண்டுக்கும் நடுவில்.

சோலார் பலகைகளுக்கு அடியில் இரண்டு பையன்கள் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். கூரை நீர் இறங்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. அந்த வாயில் புறா கூடு கட்டியிருக்கிறது. கூட்டில் இரண்டு முட்டைகள். "அண்ணா, அண்டீ ஆஹேத்" என்று பையன் குரல் கொடுக்கிறான். முட்டை இருக்கிறதாம். அண்ணாச்சி குனிந்து பார்க்கிறார், ஒரு நிமிடம் யோசிக்கிறார், பிறகு கூட்டை அலுங்காமல் அப்படியே எடுத்து, நாலடி தள்ளி ஏசி மெஷினின் நிழலில் வைக்கச் சொல்கிறார். தாய்ப்புறா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து எங்களையே முறைக்கிறது.

"இங்க பாருங்க தம்பி. நம்ம வளாகம் இருபத்தஞ்சு ஏக்கர். ஒரு லட்சம் சதுர மீட்டர்னு வச்சுக்கிடுங்க. ஒரு மில்லிமீட்டர் மழ பேஞ்சா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அப்ப எம்புட்டு?"

ஒரு லட்சம் லிட்டர் என்கிறேன்.

"இங்க ஒரு மணி நேரத்துல அம்பது மில்லிமீட்டர்கூடப் பேயும்."

ஐம்பது லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் ஐந்நூறு டேங்கர். ஒரே மணி நேரத்தில். மேலிருந்து கீழே அந்தத் தார்ச்சாலையையும் சிமென்ட் தரையையும் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே மூச்சு அடைத்தது. இது வயலாக இருந்தபோது பெய்ததில் நல்ல பங்கை மண் குடித்துவிடும். முல்ஷி வட்டத்து நெல்லுக்குப் பெயர் உண்டு. மாம்பூ மணம் வீசும் ஆம்பேமோஹர் அரிசி இந்தப் பக்கத்துச் சொத்து. 1990-களில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகமான எம்ஐடிசி இங்கே நிலம் எடுத்து ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்காவை உருவாக்கத் தொடங்கியது. கட்டம் கட்டமாக அது வளர்ந்து, இன்றைக்கு லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் ஊராகிவிட்டது. கான்க்ரீட் தண்ணீர் குடிக்காது. விழுந்ததெல்லாம் ஓட வேண்டும். ஓட வழி வேண்டும்.

அண்ணாச்சி கையை நீட்டி ஒரு பச்சைக் கோட்டைக் காட்டுகிறார். கட்டடங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மரங்களின் வரிசை. "அந்த மரம் இருக்குத எடமெல்லாம் பழைய ஓட. மரம் ஏமாத்தாது, பாத்துக்கிடுங்க." நான் கண்ணால் அந்தக் கோட்டைத் தொடர்கிறேன். ஓர் இடத்தில் அது சட்டென்று நின்றுவிடுகிறது. அங்கே ஒரு சுற்றுச்சுவர். அதற்கப்பால் கொஞ்சம் தள்ளி மறுபடியும் தொடங்குகிறது.

2025-இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பருவமழை அந்த வருடம் மே 24-ஆம் தேதியே கேரளத்தைத் தொட்டு, மே 26-ஆம் தேதி மும்பைக்கும் புனேவுக்கும் வந்துவிட்டது. வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக. ஜூன் தொடக்கத்தில் ஒரு பெருமழையில் ஹிஞ்சேவாடிச் சாலைகள் ஆறாக ஓடின. பேருந்துகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன வீடியோக்கள் நாடு முழுவதும் சுற்றின. ஐ.டி. பார்க் வாட்டர் பார்க் ஆகிவிட்டது என்று கேலி செய்தார்கள். இயற்கையான ஓடைகளை மறித்தும் குறுக்கியும் கட்டியதுதான் காரணம் என்று அதன்பிறகு அதிகாரிகளே ஆய்வு செய்து நோட்டீஸ் கொடுத்தார்கள். "அந்த வருஷம் மே மாசக் கடைசியில நம்ம சுத்தம் பாதிகூட முடியல. மழ காலண்டர் பாக்கலியே" என்கிறார் அண்ணாச்சி. அதிலிருந்து இங்கே ஏப்ரலிலேயே மண்வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

மணி ஒன்பதரை. வெயில் ஏறிவிட்டது. கீழே வாய்க்கால் ஓரம் உண்மையான வேலை நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர். இரும்புச் சட்டத்தை இரண்டு பேர் கடப்பாறையால் நெம்பித் தூக்க, மூன்றாவது ஆள் அடியில் கல்லை நகர்த்துகிறார். "ஜாளி! ஜாளி!" என்று ஒருவர் கத்த, நம் தமிழ்ப் பையன்கள் "ஜாலி! ஜாலி!" என்று எதிர்ப்பாட்டுப் பாடுகிறார்கள். மராட்டியில் ஜாளி என்றால் வலை, கம்பிச் சட்டம். வருடா வருடம் இதே ஜோக்தானாம். இப்போது மராட்டிக்காரர்களும் சேர்ந்து ஜாலி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டோர் பதிவேட்டிலேயே ஒருவர் 'ஜாலி - 14' என்று எழுதி வைத்திருக்கிறார்!

சட்டத்தைத் தூக்கியதும் கீழே கறுப்பாக ஒரு படுகை. சேற்றுக்கு இங்கே 'காள்' என்று பெயர். ஒரு முழம் ஆழத்துக்குக் காள். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியபோது அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. மேலே காய்ந்த இலை, அதன்கீழ் சிகரெட் துண்டுகளும் குட்கா பாக்கெட்டும், அதற்கும் கீழே மாவுபோல நைசான கறுப்பு. டயர் தேய்மானமும் பிரேக் தூளும் வண்டிகள் சொட்டிய எண்ணெயும் சேர்ந்து படிந்த எட்டு மாதக் கறுப்பு அது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மைபோல ஒட்டுகிறது. சோப்புப் போட்டும் நகக்கண்ணில் நின்றுவிட்டது.

முதல் மழை இதைத்தான் அடித்துக்கொண்டு போகும். பருவத்தின் முதல் அரை மணி நேர மழைதான் மிக அழுக்கு. அதற்குப் பிறகு வருவது ஓரளவு தெளிந்த தண்ணீர். அதனால் முதல் மழைக்கு முன்னால் தரையைக் கூட்டி அள்ளுவது, ஆற்றங்கரையில் நின்று தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிடப் பல மடங்கு சுலபம், செலவும் குறைவு. இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. விளக்குமாறு என்பது ஆற்றைக் காக்கும் கருவி!

அள்ளிய காளை வாய்க்கால் ஓரத்திலேயே குவிக்க வந்தான் ஒரு புதுப் பையன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாவ்ஷி ஒருத்தி (மராட்டியில் சித்தி, வயதான பெண்களை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை ஒரு பிடி பிடித்தாள். அடுத்த மழையில் அது மறுபடி உள்ளேதான் போகும், அள்ளி என்ன புண்ணியம் என்பது சாராம்சம். பையன் வாயே திறக்காமல் தள்ளுவண்டியைக் கொண்டு வந்தான். காள் முழுவதும் தூரத்தில் தனியாக ஒரு மேட்டுக்குப் போய், தார்ப்பாய் போட்டு மூடப்படுகிறது. நம் ஊர்களில் தூர்வாரிய மண்ணைக் கால்வாய்க் கரையிலேயே வாரக்கணக்கில் விட்டு, மழை வந்ததும் அது திரும்ப உள்ளே சரிவதை எத்தனை தெருவில் பார்த்திருக்கிறோம். அந்த மாவ்ஷியை ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரம் அனுப்பி வைக்கலாம்.

ஒரு விஷயத்தில் அண்ணாச்சி சிரிப்பதே இல்லை. மூடி போட்ட ஆழமான குழிகள் சில இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் யாரும் ஏணி கொண்டு போகக் கூடாது. தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திர லாரி வந்து, குழாயை உள்ளே விட்டு உறிஞ்சுகிறது. அபாயகரமான குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "சட்டம் இருக்கட்டும். ஊருல எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரு குழிக்குள்ள எறங்கித் திரும்பி வரல" என்கிறார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அடுத்து ஜெனரேட்டர் முற்றம். இங்கேதான் பூட்டுச் சாவி நாடகம். டீசல் தொட்டியைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தொட்டி ஒழுகினால் டீசல் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்கும். ஆனால் மழை பெய்தால் அதற்குள் தண்ணீரும் தேங்கும் அல்லவா? அதைத் திறந்து விட ஒரு வால்வு. அந்த வால்வுக்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டின் சாவி அண்ணாச்சியின் கழுத்தில், ருத்திராட்சத்தோடு சேர்ந்து தொங்குகிறது. தேங்கிய தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வால்வு திறக்கும். படலம் இருந்தால் வெள்ளையாகத் தலையணைபோல ஒன்றைப் போட்டு உறிஞ்ச வைக்கிறார்கள். அது தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயை மட்டும் குடிக்கும். "ஒரு வாட்டி ராத்திரி ஷிஃப்ட்டுப் பய ஒருத்தன் புதுத் தலகாணிய வச்சுத் தூங்கிட்டான். எந்திரிச்சுப் பாத்தா தலையில தேச்ச தேங்காண்ண பூரா தலகாணியில!" என்று ஒருவர் சொல்ல, அந்தப் பையன் அங்கேயே நின்றுகொண்டு வெட்கப்படுகிறான்.

வண்டி நிறுத்தத்தின் நீரெல்லாம் இன்னொரு தொட்டிக்கு வருகிறது. மூன்று அறைத் தொட்டி. முதல் அறையில் மண் அடியில் தங்கும். நடு அறையில் எண்ணெய் மேலே மிதக்கும். அடியில் உள்ள துளை வழியாகத் தண்ணீர் மட்டும் மூன்றாம் அறைக்குப் போகும். மீன்குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயை நகர்த்திவிட்டு அடியிலிருந்து கரண்டி போட்டு எடுப்போமே, அதே வித்தைதான். இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை எண்ணெயை வழித்து எடுக்க ஓர் ஆள் வேண்டும். அவர் மறக்காமல் இருக்க வேண்டும்.

மறந்தால் என்ன ஆகும் என்று நம் எண்ணூர் மக்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய்ப் பிசுக்கு. இறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்கள். மீனவர்கள் வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு தங்கள் கையாலேயே எண்ணெயை அள்ளிய காட்சியை மறக்க முடியுமா? மழைநீர் வழியில் எண்ணெய் சேர்ந்தால் அதை ஆற்றில் தேடிப் பிடிப்பது எவ்வளவு கொடுமை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அமெரிக்காவில் 1987-இல் தண்ணீர்ச் சட்டத்தைத் திருத்தி, தொழிற்சாலை வளாகத்திலிருந்து ஓடும் மழைநீரையும் அனுமதி வாங்க வேண்டிய கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நம்மிடம் 1974-ஆம் ஆண்டிலிருந்தே தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் கழிவுநீருக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட மழைநீருக்கு நாம் காட்டுவதில்லை என்பதே என் எண்ணம்.

சாப்பாட்டு நேரம். கேன்டீனுக்குள் போகவில்லை. ஸ்டோர் ரூம் வாசலில் வேப்பமர நிழல். சோள பாக்ரி, பிட்லா, பச்சைமிளகாய் டேச்சா. அண்ணாச்சி வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறும் பருப்புப் பொடியும். பாக்ரிக்குப் பருப்புப் பொடியைத் தொட்டுக்கொண்டு மாவ்ஷி தலையை ஆட்டுகிறாள். காலையில் ஏச்சு வாங்கிய பையனுக்கு முதல் பாக்ரி அவள் கையாலேயே போகிறது.

அவள் பிறந்தது பக்கத்து மான் கிராமம். சின்ன வயதில் அதே ஓடாவில் நண்டு பிடித்திருக்கிறாள். "கேக்டா, ஏவ்டா மோட்டா!" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். ஆடிமாத மழையில் நண்டு வயல் வரப்பேறி வரும், அம்மா அதை மிளகு தட்டிக் குழம்பு வைப்பாள் என்று சொல்லும்போது அவள் குரல் மெதுவாகிறது. அவளுடைய குடும்ப நிலம் இருந்த இடம் எங்கே என்று கேட்டேன். கழுத்தைத் திருப்பி, ஒரு பல மாடிக் கார் நிறுத்தத்தைக் காட்டினாள். பிறகு, "சஹா வாஜ்தா பாவுஸ் யேணார்" என்றாள். ஆறு மணிக்கு மழை வரும் என்கிறாள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. போனில் வானிலைச் செயலியும் மழை இல்லை என்றது.

நாலரை மணிக்கு மேற்கே இருட்டியது.

மே மாதத்தில் திடீரென்று இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போகும் மழைக்கு மராட்டியில் 'வளீவ்' என்று தனிப் பெயரே உண்டு. நம் கோடைமழை. அண்ணாச்சியின் வாக்கி டாக்கி கரகரக்கிறது. "பாவுஸ் ஆலா! பாவுஸ் ஆலா!" ஒரே ஓட்டம். அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் அடித்தள வண்டி நிறுத்தத்தின் பம்புக்கு. ஒருவர் தார்ப்பாயின் மூலையில் கல் வைக்க. அண்ணாச்சி கழுத்துச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். முதல் சொட்டுகள் காய்ந்த தரையில் பட்டு அந்த மணம் எழும்போது நான் சின்னப் பிள்ளைபோலக் கத்திவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் வளாகம் முழுவதும் வெள்ளி. மேலே ஐந்தாம் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு நின்று மழையைப் படம் பிடிக்கிறார்கள். கீழே நாங்கள் வாய்க்கால் ஓரம் ஓடுகிறோம். முதலில் வந்த தண்ணீர் கறுப்பு. காலையில் விரலில் ஒட்டிய அதே மை. அது வண்டல் தொட்டிக்குள் சுழன்று இறங்குகிறது. அடுத்து டீ நிறம். மேலே நுரை. "நாலாம் நம்பர்ல தண்ணி நிக்குது!" நாலாம் நம்பர் ஜாளியின் மேல் எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு பிளாஸ்டிக் பேனர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பிறந்தநாள் வாழ்த்து பேனர். கால் மணி நேரம் அது அப்படியே இருந்திருந்தால் வரவேற்பறைக்குள் தண்ணீர் போயிருக்கும். தலகாணிப் பையன் பாய்ந்து போய் அதை உரித்து எடுத்தான். கடகடவென்று ஒரு சத்தத்தோடு தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. நாலு பேர் கைதட்டினார்கள். அவன் அந்தப் பேனரை மாலைபோலத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடு போட்டான்.

ஐந்தரைக்கெல்லாம் மழை அடங்கிவிட்டது. மாவ்ஷி சொன்ன ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டதென்று எல்லாரும் அவளைச் சீண்டுகிறார்கள். கிழவி பஞ்சாங்கம் ஒரு மணி நேரம் பிந்திவிட்டதாம்.

இப்போது கடைசி இடம். வெள்ளைப் பலகையில் எல்லா அம்புகளும் போய்ச் சேர்ந்த அந்தத் தென்கிழக்கு மூலை. சுற்றுச்சுவரில் ஒரு திறப்பு. அதன் வழியே தண்ணீர் வெளியே ஓடையில் விழுகிறது. அண்ணாச்சி பையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுக்கிறார். லேபிள் உரித்த சுத்தமான கண்ணாடி. கயிற்றில் கட்டி இறக்கி, நிரப்பி, மேலே தூக்கி, மறைகிற வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். நாங்கள் ஏழெட்டுப் பேரும் அந்தப் பாட்டிலையே பார்க்கிறோம். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல இருக்கிறது. கொஞ்சம் கலங்கல். அடியில் பொடிமண் இறங்குகிறது. மேலே வானவில் படலம் இல்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். "மண்ணு வாசன மட்டுந்தான்." பாட்டில் ஒவ்வொரு கையாக மாறுகிறது. நானும் முகர்ந்தேன். மண் வாசனை மட்டும்தான்!

ஆனால் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் கொஞ்சம் அடங்கியது. இருபதடி தூரத்தில் ஓடை ஒரு குழாய்க்குள் நுழைகிறது. அகலமாக வந்த ஓடை, ஓர் ஆள் படுக்க முடியாத குழாய்க்குள். அதன் வாயில் கட்டடக் கழிவுக் குவியல். தண்ணீர் பின்வாங்கித் தயங்கி நிற்கிறது. அண்ணாச்சியின் முகம் காலையிலிருந்து பார்த்திராத மாதிரி ஆகிவிட்டது. உள்ளே எம்ஐடிசி சாலை. அந்தப் பக்கம் கிராமப் பஞ்சாயத்து. அதற்கப்பால் புனே பெருநகர வளர்ச்சி ஆணையம். கொஞ்சம் தள்ளி வாகட்டில் பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி. ஓடை ஒன்றுதான், எல்லை நாலு. "நாங்க எம்புட்டுச் சுத்தமா அனுப்பினாலும் அங்க போய் அடுத்தவன் குப்பையோட சேந்து ரோட்டுல ஏறிருது தம்பி. ஒரு கம்பெனி நல்லா இருந்தாக் காணாது. ஓடையில உள்ள அத்தன பேரும் நல்லா இருக்கணும்."

இந்த நாள் முழுவதும் பார்த்ததில் எனக்குக் கிடைத்த தீர்ப்பும் அதுதான். விளக்குமாறும் பூட்டும் பாட்டிலும் வளாகத்துக்குள் எல்லாவற்றையும் சரி செய்துவிடும். சுவருக்கு வெளியே ஓடையின் பழைய அகலத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ஹிஞ்சேவாடி நனையாமல் இருக்கப் போவதில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி தன் பைக்கில் ஏற்றி முளா ஆற்றுப் பாலம் வரை கொண்டு வந்து விட்டார். நாங்கள் முகர்ந்து பார்த்த தண்ணீர் எந்த வழியில் சுற்றி வந்தாலும் இங்கேதான் வந்து சேர வேண்டும். இங்கிருந்து முளா கொஞ்ச தூரம் போய் பவனாவைச் சேர்த்துக்கொள்ளும், பிறகு முட்டாவை. முளா முட்டா பீமாவில் கலக்கும். பீமா உஜனி அணையைத் தாண்டிக் கர்நாடகம் புகுந்து கிருஷ்ணாவில் சேரும். கிருஷ்ணா ஸ்ரீசைலத்துக்குப் போகும். ஸ்ரீசைலத்திலிருந்து கால்வாய் வழியாகச் சோமசிலா, கண்டலேறு, ஊத்துக்கோட்டை, பூண்டி. 1976-இல் சென்னையின் தாகத்துக்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டிஎம்சி கிருஷ்ணா நீரைத் தர ஒப்புக்கொண்டன. 1996-இல் அந்தத் தண்ணீர் முதன்முதலாகப் பூண்டிக்கு வந்தது. அண்ணாச்சிக்கு இந்தக் கதை தெரியாது. பாலத்தில் நின்றுகொண்டே சொன்னேன். சென்னையில் அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாளாம். கழுத்துச் சாவியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்பத்தூரிலோ ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ திருப்பூரிலோ வேலை பார்ப்பவரா நீங்கள்? நாளைக்கு உங்கள் வளாகத்தின் பின்வாசல் பக்கம் ஒரு நடை போய், இங்கே விழும் மழை எந்த ஓடையில் போய்ச் சேருகிறது என்று பராமரிப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு விடை தெரிந்திருந்தால், அந்த ஓடையைக் காட்டச் சொல்லிக் கூடவே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.